ஐந்துக்கு மூன்று

கூட்டம் காலை பத்து மணிக்கு.
வேட் டிலட்சன் உள்ளே நுழைந்தபோது
அவன் கைக்கடிகாரத்தில் ஒன்பது.
நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில்
சூரியனே ஒரு மணி நேரம் தாமதம்.
ஆறு மணி நேரம் ஓட்டி வந்த சட்டையில்
சூரியகாந்தி விதையின் உப்பு.

நான் குறிப்பெழுதுபவள்.
எனக்கு வாக்கு இல்லை, பேனா உண்டு.

பொருள் ஒன்று:
மே மாதக் கடைசியில்
உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் இறுதி ஆட்டங்கள்
எந்த மைதானத்தில்.

தலைநகர் ஸ்டேடியம். இருக்கை எட்டாயிரம்,
வருகிறவர்கள் ஆயிரத்துச் சொச்சம்,
அப்பன் சட்டைக்குள் பிள்ளை போல.
செயற்கைப் புல். எவ்வளவு கொட்டினாலும்
இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும்.
வண்டி நிறுத்தப் பதினைந்து டாலர்,
அதைவிடக் கூட ஒரு தட்டு நாச்சோ.

பல்கலைக்கழக மைதானம் இலவசம்,
அவர்கள் அணி தோற்று வீட்டில் இருந்தால்.
ஜெயித்துத் தொலைத்தால் நமக்கு இடமில்லை.
இன்னொருவன் தோற்க வேண்டிக்கொண்டா
அட்டவணை போடுவோம் என்று கேட்டாள் மிரியம் ஸ்லாடெக்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அதையும் எழுதினேன். பிறகு அடித்தேன்.

மூன்றாவது, கெட்டில் ஃபோர்க்.
வேட் கொண்டுவந்த பெயர்.
மாநிலத்தின் நட்டநடுவே
கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும் ஊர்.
தானியக் கிடங்கின் நிழல் நாலு மணிக்கு
இரண்டாம் பேஸைத் தொடும்,
ஐந்துக்குள் பந்தெறிபவனை விழுங்கும்.

போன வாரம் எல்லோரும் போய்ப் பார்த்தோம்.
அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தார் கார்வின்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள்.
இங்கே கூடமே கோணல்தான்:
இடது வேலி, பலகையில் எழுதியதைவிடப்
பதினோரு அடி கிட்டே.
மைதானக்காரர் எமில் மறுக்கவில்லை.
“ரெண்டு அணிக்கும் அதே வேலிதானே” என்றார்.
விளக்குக் கம்பம் ஆறு, எரிந்தது நாலு.
ஆனால் அந்தக் களிமண்!
குனிந்து ஒரு பிடி எடுத்து நசுக்கிய மிரியம்
கையைத் துடைக்காமலே காரில் ஏறினாள்.

இன்று கார்வின் சுவரைக் காட்டினார்.
போன வருடப் புகைப்படம்.
மின்னலுக்குப் பயந்து மூன்று முறை நிறுத்தி
ஒன்று நாற்பதுக்கு முடிந்த ஆட்டம்.
கோப்பையை ஏந்திய பையன்கள்
பாதிப் பேர் கொட்டாவியில்.

வேட் எழுந்தான்.
பெட்ரோல் கணக்கு சொன்னான்.
இறைச்சி ஆலையில் ஒரு நாள் விடுப்புக்கு
ஒரு தாய் எத்தனை நாள் கெஞ்சவேண்டும் என்று சொன்னான்.
நான்காவது தலையும் அசைவதை எண்ணினேன்.
அவனோடு ஐந்து. முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் தண்ணீர் குடித்தான்.
தம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னான்:
“எங்க கேட்சர் பையன் ஒருத்தன்.
நேத்துக் கிளம்பும்போது வண்டிக்கிட்ட வந்து நின்னான்.
அந்தப் பெரிய ஸ்டேடியத்துல
திரையில பேர் போடுவாங்களாமே,
சரியாப் போடுவாங்களான்னு கேட்டான்.
நாலு வருஷமா எந்தப் பத்திரிகையும்
அவன் பேரை ஒழுங்கா அச்சடிச்சதில்லை.”

வாக்கெடுப்பில்
இவ்வளவு நேரம் கெட்டில் ஃபோர்க்குக்காக ஆடிய கை
தலைநகருக்கு உயர்ந்தது.
அதைப் பார்த்து இன்னொன்றும்.
ஐந்துக்கு மூன்று.

எமிலுக்குத் தொலைபேசியில் சொல்வது என் வேலை.
“சரி” என்றார்.
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
“அந்த ரெண்டு விளக்கையும் நேத்துத்தான் மாத்தினேன்.”

நாற்காலிகள் காலியாயின.
அந்தப் பையனின் அணி இன்னும் தகுதி பெறவேயில்லை,
மாவட்டத்தில் இரண்டு ஆட்டம் பாக்கி.
ஸ்டேடியத்தின் படிவத்தில் அவனுக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்து வெள்ளையில் பேனாவை வைத்து
வேட்டைக் கூப்பிட்டேன். எழுத்தெழுத்தாய்ச் சொல்லு.

“வொய்டஸெக்.
டபிள்யூ, ஓ,
அடுத்தது ஒய் மாதிரிக் கேட்கும்,
ஒய் இல்லை, ஜே...”